கடல்நாயும் கஜானாவும்

"ஸீல்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டிலுள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, தபாலாபீஸில் பார்ஸலின்மேல் உருக்கி ஒட்டும் சிவப்பு அரக்குத்தான். வகுப்பில் பூகோள பாடம் நடத்தும்போது, "வட கடலில் வாழும் பிராணிகளில் ஸீல் என்பது ஒன்று" என்று நான் சொல்லப்போக, பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், அதை எதன்மேல் ஒட்டுவார்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், வீட்டுக்குத் திரும்பி அந்தப் பிராணியின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது, பையனுடைய கேள்வி அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி அல்லவென்று தோன்றலாயிற்று. கானடா தேசத்து சர்க்காரின் முத்திரை அந்தப் பிராணியின் தோலின்மேல் உண்மையாகவே விழுந்திருக்கிறது. உலகத்துச் சந்தைகள் ஒவ்வொன்றாய்க் கதவைச் சாத்திய பின்பும், அந்தத் தோல் வியாபாரத்தைக் கானடா சர்க்கார் கை கொடுத்துத் தாங்கி வந்திருக்கிறார்கள்.

வாங்குவார் குறைந்துபோன ஒரு சரக்குக்கு சர்க்கார் ஏன் முட்டுக் கொடுக்க வேண்டும்? கொடுக்கும் பணம் யார் வீட்டு அடுப்பை எரிக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனித் தொட்டில்

ஸீல் என்பதைத் தமிழில் கடல்நாய் என்கிறோம். பெயர்தான் நாய், கால்களுக்குப் பதில் துடுப்புகள். நீரிலே வாழ்ந்தாலும் மீனல்ல. நம்மைப்போல் காற்றைச் சுவாசித்து, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. அதில் பல இனங்கள் உண்டு. கானடாவில் வியாபாரத்துக்காக வேட்டையாடப்படுவது பெரும்பாலும் ஓர் இனந்தான். வளர்ந்த பிராணியின் முதுகில் யாழ் வாத்தியத்தைப் போன்ற கறுப்பு அடையாளம் இருப்பதால், ஆங்கிலத்தில் அதை யாழின் பெயராலேயே அழைக்கிறார்கள். நாமும் யாழ்க் கடல்நாய் என்றே சொல்லலாம்.

கோடையில் இவை கிரீன்லாந்துக்கு அருகே துருவக் கடல்களில் இரை தேடுகின்றன. குளிர் காலத்தில் தெற்கு நோக்கி வருகின்றன. பிப்ரவரி மாதக் கடைசியிலும் மார்ச்சு மாதத்திலும், ஸெயிண்ட் லாரன்ஸ் வளைகுடாவிலும் நியூபவுண்ட்லாந்துத் தீவின் வடகிழக்கிலும் மிதக்கும் பனிப்பாளங்களின்மேல் ஏறிக் குட்டி போடுகின்றன. பிறக்கும்போது குட்டியின் எடை ஏறக்குறைய 11 கிலோ. தாய்ப்பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பு. பன்னிரண்டே நாள் பால் குடித்து, குட்டி முப்பது கிலோவுக்கு மேல் கொழுத்து உருண்டுவிடுகிறது. பன்னிரண்டாம் நாள் தாய் அதை விட்டுப் போய்விடுகிறது. பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. பிறந்தபோது பஞ்சுபோல் இருந்த வெள்ளை ரோமம் இரண்டு மூன்று வாரங்களில் உதிர்ந்து, புள்ளிகளோடு கூடிய சாம்பல் நிறத் தோல் வெளிப்படுகிறது. தன் கொழுப்பையே தான் தின்றுகொண்டு சில வாரம் பனிமேல் கிடந்து, பிறகு பசி தாங்காமல் கடலில் இறங்கி, நீந்தவும் இரை பிடிக்கவும் தானே கற்றுக்கொள்கிறது.

இந்தச் சில வாரங்களில்தான் மனிதன் அங்கே போகிறான்.

பசியும் பனியும்

நியூபவுண்ட்லாந்து கல்லும் பாறையுமான தீவு. உழுது பயிரிட ஏற்ற மண் அங்கே சொற்பம். நம் வீடுகளில் ஒரு காலத்தில் குழந்தைகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகட்டிய காட்லிவர் எண்ணெயை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காட் மீன்தான் அத்தீவின் நெல்லும் கேழ்வரகும். ஆனால் அது கோடைப் பயிர். குளிர் காலம் முடியும் தறுவாயில், பத்தாயம் காலியாகி, அடுத்த மீன் பருவம் இன்னும் தொடங்காமல் இருக்கும் நாட்களிலே கடல்நாய்கள் பனியில் வந்து இறங்கும். பஞ்ச காலத்தில் கிடைத்த பிரசாதம்போல் அந்த ஏழை ஜனங்கள் அதை எண்ணியதில் வியப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெருந்தொழிலாயிற்று. கடல்நாய்க் கொழுப்பிலிருந்து வடித்த எண்ணெய் இங்கிலாந்து தேசத்தில் விளக்கெரித்தது, யந்திரங்களுக்கு மசகாயிற்று. அந்நூற்றாண்டின் நடுவில், ஒரே பருவத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களும் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களும் பனிக்குப் போனதுண்டு. சில வருஷங்களில் ஐந்து ஆறு லக்ஷம் பிராணிகள் மடிந்தன.

லாபம் யாருக்கு? கப்பல்கள் ஸெயிண்ட் ஜான்ஸ் பட்டணத்து வியாபாரிகளுடையவை. வேட்டைக்காரனுக்கு வேண்டிய உடுப்பும் கத்தியும் அவர்களிடமே கடனாக வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் அவனுடைய பங்கிலிருந்து கடனைக் கழித்துக்கொள்வார்கள். கடன் போக மிஞ்சியதே அவன் சம்பாத்தியம். 1902ஆம் வருஷத்தில் ஆயிரக்கணக்கான வேட்டைக்காரர்கள் கப்பலேற மறுத்து வேலை நிறுத்தம் செய்ததற்கு இப்படிப்பட்ட குறைகளே காரணம்.

1914ஆம் வருஷம் நடந்ததைச் சொல்லாமல் இந்தத் தொழிலின் கதை பூர்த்தியாகாது. "நியூபவுண்ட்லாந்து" என்னும் பெயருள்ள கப்பலொன்று பனியில் சிக்கி நின்றது. அதன் தலைவர் தம் ஆட்களை, தம் தந்தை நடத்திவந்த "ஸ்டெபானோ" என்ற பெரிய கப்பலை நோக்கிப் பனிமேல் நடந்துபோகச் சொன்னார். தந்தையோ அவர்களுக்கு ஆகாரம் கொடுத்து, வேட்டையாடிவிட்டு உங்கள் கப்பலுக்கே திரும்பிச் செல்லுங்கள் என்று மீண்டும் பனியில் இறக்கிவிட்டார். புயல் பிடித்துக்கொண்டது. ஆட்கள் தந்தையின் கப்பலில் பத்திரமாய் இருக்கிறார்கள் என்று மகன் எண்ணினார். மகனுடைய கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று தந்தை எண்ணினார். இரண்டு இரவுகள் அந்த 132 பேரும் திறந்த பனியில் கிடந்தார்கள். 78 பேர் இறந்தார்கள். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தக் கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லையா? இருந்தது, லாபத்துக்கு உதவவில்லை என்று முதலாளிகள் அதை முன்பே கழற்றிவிட்டார்கள். அதே புயலில் "ஸதர்ன் கிராஸ்" என்ற இன்னொரு வேட்டைக் கப்பல், தன்னில் இருந்த நூற்றெழுபதுக்கு மேற்பட்டவர்களோடு அடையாளம் தெரியாமல் மூழ்கியது. ஒரே புயலில் சுமார் 250 குடும்பங்களில் ஒப்பாரி எழுந்தது.

வேட்டையில் மடிவது கடல்நாய் மட்டுமல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

ஒரு படம் செய்த வேலை

1949ஆம் வருஷம் மார்ச்சு 31ந் தேதி நியூபவுண்ட்லாந்து கானடாவுடன் சேர்ந்தது. அதற்குள் எண்ணெய்க்கு மண்ணெண்ணெயும் மின்சாரமும் போட்டியாக வந்துவிட்டன. இனி தோலுக்குத்தான் மதிப்பு. அதிலும் வெள்ளைக் குட்டியின் ரோமத்துக்கு ஐரோப்பாவில் தனி மோகம்.

1964இல் வேட்டைக் காட்சிகள் அடங்கிய ஒரு படம் கானடாவில் டெலிவிஷன் வாயிலாகக் காட்டப்பட்டது. அன்று மூண்ட தீ இன்றுவரை அணையவில்லை. பெரிய கறுத்த விழிகளோடு, ஓடத் தெரியாமல் கிடக்கும் ஒரு வெள்ளைக் குட்டி. அதன் தலைமேல் ஓங்கிய தடி. இதற்கு மேல் பிரசாரத்துக்கு என்ன வேண்டும்? 1977இல் பிரெஞ்சு சினிமா நட்சத்திரமான பிரிஜித் பார்தோ அம்மையார் தாமே பனிக்கு வந்து நின்றார். அவர் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1971இல் முதல் தடவையாக, ஒரு வருஷத்தில் இத்தனைதான் கொல்லலாம் என்று 2,45,000 என வரம்பு கட்டினார்கள். 1970ஐ ஒட்டிய வருஷங்களில் யாழ்க் கடல்நாயின் தொகை இருபது லக்ஷத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. வரம்பு கட்டிய பின் அது மெல்ல ஏறி, பிறகு பல மடங்கு பெருகியது. ஆகவே, அந்த இனம் அழிந்துவிடப் போகிறது என்ற வாதம் இன்று செல்லாது. வேட்டையை எதிர்ப்பவர்கள் ஜீவகாருண்யத்தின் பேரால் எதிர்க்கலாம். அது வேறு விஷயம்.

1983இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்து நாடுகள் வெள்ளைக் குட்டித் தோலின் இறக்குமதியைத் தடுத்தன. சந்தை ஒரே அடியில் சரிந்தது. கானடா ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. கமிஷன் 1986இல் அறிக்கை கொடுத்தது. 1987இல் வெள்ளைக் குட்டிகளை வியாபாரத்துக்காகக் கொல்வதும், பெரிய கப்பல்களில் போய் வேட்டையாடுவதும் கானடாவிலேயே நிறுத்தப்பட்டன. அதற்குப் பின் கொல்லப்படுபவை, வெள்ளை ரோமம் உதிர்ந்து சாம்பல் நிறம் வந்த இளம் பிராணிகள். அவற்றின் வயதும் பெரும்பாலும் சில வாரங்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் குட்டியைக் கொல்வதாக இன்றும் படம் போட்டுப் பணம் திரட்டுவது உண்மைக்கு விரோதம். குட்டிகளையே கொல்வதில்லை என்று சாதிப்பதும் உண்மைக்கு விரோதம்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் காட் மீன்.

பழி யார்மேல்?

1992ஆம் வருஷம் ஜூலை 2ந் தேதி, மீன்பிடி இலாகா மந்திரி ஜான் கிராஸ்பி, வடபகுதிக் காட் மீனை இனிப் பிடிக்கக்கூடாது என்று அறிவித்தார். அவரும் நியூபவுண்ட்லாந்துக்காரர்தான். ஐந்நூறு வருஷமாய் ஒரு சமூகத்துக்குச் சோறு போட்ட மீன் அற்றுப்போயிற்று. ஒரே நாளில் சுமார் முப்பதினாயிரம் பேருக்கு வேலை போயிற்று. கானடாவின் சரித்திரத்தில் அவ்வளவு பேர் ஒருசேர வேலையிழந்தது அதற்கு முன் கிடையாது என்கிறார்கள்.

மீன் ஏன் போயிற்று? அந்நியக் கப்பல்களும், பிறகு கானடாவின் சொந்தக் கப்பல்களும், கடலின் அடியைத் துடைத்து வாரிக்கொண்டு போன வலைகளே முதற்காரணம். இவ்வளவு பிடிக்கலாம் என்று வருஷா வருஷம் அநுமதி கொடுத்தது சர்க்கார். கடலும் அந்த வருஷங்களில் குளிர்ந்து கெட்டிருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாய் அநுபவித்த சொத்தைக் கோட்டைவிட்ட குடும்பத்தில் என்ன நடக்கும்? கணக்கப்பிள்ளை வேலைக்காரனைக் காட்டுவான். வேலைக்காரன் பூனையைக் காட்டுவான். இங்கே கடல்நாய் பூனையாயிற்று. அது மீன் தின்கிறது. லக்ஷக் கணக்கில் பெருகியிருக்கிறது. ஆகவே மீன் திரும்பாததற்கு அதுவே காரணம் என்ற பேச்சு வலுத்தது.

இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இடம் அறிந்து சொல்ல வேண்டும். ஸெயிண்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென் பகுதியில், சாம்பல் கடல்நாய் என்ற வேறோர் இனம் காட் மீனைத் தலையெடுக்கவிடாமல் செய்வதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். நியூபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கேயோ, மீன் இலாகாவின் ஆராய்ச்சியாளர்களே வேறு விதமாகச் சொன்னார்கள்: காட் மீனின் போக்கை நிர்ணயித்தவை மனிதனுடைய வலையும், அது தின்னும் காபெலின் என்ற சிறு மீனின் வரத்துமே, யாழ்க் கடல்நாய் முக்கியமான காரணமல்ல என்றார்கள். மேடைப் பிரசங்கத்துக்கு இந்த நுட்பமெல்லாம் ஒத்துவருவதில்லை.

கஜானா திறந்தது

மீன் போய், ஜனங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில்தான், படுத்துக் கிடந்த வேட்டைத் தொழிலை சர்க்கார் எழுப்பி உட்கார வைத்தார்கள். 1995 டிஸம்பரில் மந்திரி பிரையன் டோபின் அடுத்த வருஷத்து வரம்பை 2,50,000 ஆக உயர்த்தினார். கடல்நாய் இறைச்சிக்குப் பவுண்டுக்கு இவ்வளவு என்று மான்யம் கொடுக்கப்பட்டது. 1995இல் சுமார் 65,000 பிராணிகள் கொல்லப்பட்டன. 1996இல் அது ஏறக்குறைய 2,40,000 ஆயிற்று. அந்த இறைச்சிக்கு நாட்டுக்குள் பெரிய சந்தை கிடையாது. சரக்கை வாங்கியது சந்தையல்ல, மான்யமே என்று சொன்னால் மிகையாகாது. கண்டனம் வலுத்தது. 2001க்குள் இறைச்சி மான்யம் நின்றது. அது முதல், நாங்கள் இந்தத் தொழிலுக்கு மான்யம் கொடுப்பதில்லை என்று சர்க்கார் சொல்லி வருகிறார்கள்.

சில வருஷங்கள் அந்தப் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. ருஷ்யாவிலும் வேறு சில நாடுகளிலும் தோலுக்குக் கிராக்கி ஏற்பட்டது. 2003 முதல் 2005 வரை மூன்று வருஷத்துக்கு மொத்தம் 9,75,000 என்று வரம்பு வைத்தார்கள். 2004இலும் 2006இலும் ஒவ்வொரு வருஷமும் மூன்றரை லக்ஷத்துக்கு மேல் வேட்டையாடப்பட்டன. 2006இல் நல்ல தோல் ஒன்று நூறு டாலருக்கு மேல் விலை போயிற்று. சிறு படகு வைத்திருந்த மீனவன் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நல்ல தொகையைக் கண்ணால் கண்டான், படகுக் கடனை அடைத்தான், வலை வாங்கினான்.

பிறகு சரிவு. 2009இல் தோல் விலை பதினைந்து டாலர் அளவுக்கு விழுந்தது. அவ்வருஷம் 2,80,000 கொல்ல அநுமதி இருந்தும், அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொல்லப்படவில்லை. பெட்ரோல் செலவுக்கே கட்டாதபோது யார் பனிக்குப் போவார்கள்? அந்த மே மாதம் 5ந் தேதி ஐரோப்பியப் பார்லிமெண்டு, கடல்நாய்ச் சரக்கு எதுவும் தங்கள் சந்தைக்குள் வரக்கூடாதென்று 550க்கு 49 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. 2011 டிஸம்பரில் ருஷ்யாவும் யாழ்க் கடல்நாய்த் தோலுக்குக் கதவடைத்தது. அமெரிக்காவோ 1972இலேயே கதவைச் சாத்தியிருந்தது.

கானடாவும் நார்வேயும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடர்ந்தன. 2014 மே மாதம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஐரோப்பாவின் தடை நீதியுணர்ச்சியைக் காப்பதற்கானது, ஆகவே தடை விதிக்க இடமுண்டு என்றும், ஆதிக்குடிகளுக்கு அளித்த விலக்கு பாரபட்சமாக இருப்பதால் அதைத் திருத்த வேண்டுமென்றும் தீர்ப்பளித்தார்கள். 2015இல் ஐரோப்பா சட்டத்தைத் திருத்திக்கொண்டது, தடை நின்றது.

மான்யத்துக்குப் பல வேஷம்

மான்யம் இல்லை என்பது உண்மையா? மான்யம் என்ற பெயரில் இல்லை. ஆனால் உதவி பல வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

2012இல் நியூபவுண்ட்லாந்து மாகாண சர்க்கார், தோலைப் பதனிடும் கம்பெனி ஒன்றுக்கு 36 லக்ஷம் டாலர் கடன் கொடுத்தார்கள். அந்தப் பணத்தால் கம்பெனி வேட்டைக்காரர்களிடம் தோல் வாங்கியது. அடுத்த வருஷமும் அதே தொகை கொடுத்தார்கள். 2015இல் மத்திய சர்க்கார், சரக்குக்கு அத்தாட்சி கொடுத்துச் சந்தை தேடுவதற்காக, ஐந்து வருஷத்துக்கு 57 லக்ஷம் டாலர் திட்டமொன்றை அறிவித்தார்கள். வேட்டைப் படகுகள் பனியில் சிக்கினால், பனியைப் பிளந்து செல்லும் கடற்காவல் கப்பல்கள் போக வேண்டும். 2007 ஏப்ரலில் சுமார் நூறு படகுகள் சிக்கிக்கொண்டபோது அப்படித்தான் போயின. 2008 மார்ச்சில், மக்தலேன் தீவுகளைச் சேர்ந்த வேட்டைப் படகு ஒன்றைக் கடற்காவல் கப்பல் கயிறு கட்டி இழுத்துச் செல்லும்போதே படகு கவிழ்ந்து நால்வர் மாண்டார்கள். ஆபத்தில் இருப்பவனைக் காப்பாற்றுவது எந்த சர்க்காருக்கும் கடமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கென்று எழுதினால் அதுவும் செலவுப் பத்தியில்தான் வரும்.

இவை தவிர, ஜெனீவாவில் நடத்திய வழக்கின் செலவு. தூரதேசங்களில் சந்தை தேடிய மந்திரிகளின் பிரயாணம். 2017இல் சட்டம் செய்து, மே 20ந் தேதியை தேசியக் கடல்நாய்ப் பொருள் தினமாக்கியது. ஒரு தொழிலுக்குத் தினம் கொண்டாட வேண்டிய அவசியம் நேர்ந்தாலே, அந்தத் தொழிலின் தேக நிலை எப்படியிருக்கிறதென்று நாடி பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. 2024 மே மாதத்தில் கானடா ஸெனட்டின் கமிட்டி ஒன்று, இந்தத் தொழிலை வளர்க்க சர்க்கார் இன்னும் முன்வர வேண்டுமென்று மறுபடியும் அறிக்கை வெளியிட்டது.

சர்க்கார் இவ்வளவு பிடிவாதமாயிருக்கக் காரணம் என்ன? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, கரையோர ஊர்களின் வாக்கு. இரண்டாவது, மானம்: தன் வயிற்றுப் பிழைப்பை அந்நியர்கள் வந்து பழிக்கும்போது, அந்தப் பிழைப்பில் நஷ்டமே வந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. இது மனித சுபாவம். மூன்றாவது காரணந்தான் எல்லாவற்றிலும் கசப்பானது. மீன் வளத்தைக் காக்கத் தவறிய சர்க்காருக்கு, மீனவனுக்கு வேறு வழி காட்டுவதைவிட, கடல்நாயைக் காட்டுவது சுலபமாயிருந்தது.

வடதுருவத்து வீடு

இந்தச் சச்சரவில், இரு தரப்பாரும் தங்கள் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்ட பெயரொன்று உண்டு: துருவப் பிரதேசத்தின் ஆதிக்குடிகளான இனுயிட் மக்கள். மரமும் பயிரும் இல்லாத அந்நாட்டில் கடல்நாயே அவர்களுக்கு உணவு, உடை, ஒரு காலத்தில் விளக்கு. அவர்கள் வேட்டையாடுவது பெரும்பாலும் வேறோர் இனம். வெள்ளைக் குட்டிகளையும் அல்ல. தின்றது போக மிஞ்சிய தோலை விற்று, துப்பாக்கி ரவையும் எண்ணெயும் வாங்கி வந்தார்கள்.

1983இன் தடை அவர்களைக் குறிவைத்ததல்ல. ஆனால் பாரிஸிலும் லண்டனிலும் தோல் வாங்குவதே வெட்கமென்று ஆன பிறகு, எந்தத் தோல் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பார் யார்? அவர்கள் தோலின் விலையும் விழுந்தது. யாரோ செய்ததற்கு அபராதம் கட்டியவர்கள் அவர்களே. 2009 மே மாதம், கானடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த மிஷேல் ஜான் அம்மையார், ராங்கின் இன்லெட் என்னும் இனுயிட் ஊரில் விருந்தினராகச் சென்று, அவர்களோடு உட்கார்ந்து கடல்நாயின் பச்சை இருதயத்தில் ஒரு துண்டை உண்டார். ஐரோப்பா முகம் சுளித்தது. இனுயிட் மக்கள் மனம் குளிர்ந்தார்கள். 2016இல் அலேதியா அர்னாகுக் பாரில் என்ற இனுயிட் பெண்மணி, தம் ஜனங்களின் கோபத்தை ஒரு படமாகவே எடுத்து உலகத்துக்குக் காட்டினார்.

அவர்கள் நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, பின்னால் பெரிய வியாபாரத்தை நடத்த முயல்வது வேறு. வீட்டு வேட்டைக்கும் கம்பெனிக் கணக்குக்கும் உள்ள பேதத்தை, தடை போட்டவர்களும் பார்க்கவில்லை. தாங்கிப் பிடித்தவர்களும் காட்ட விரும்பவில்லை.

நார்வே தேசத்தின் உதாரணத்தையும் பார்க்க வேண்டும். அங்கேயும் சர்க்கார் வருஷா வருஷம் வேட்டைக் கப்பல்களுக்குக் கோடிக் கணக்கில் குரோனர் கொடுத்து வந்தார்கள். வேட்டைக்காரர் வருமானத்தில் பெரும் பகுதி அந்த உதவிதான். 2015ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அதை வெட்டினார்கள். மான்யம் என்னும் ஊன்றுகோல் போனதும், தொழில் எவ்வளவு தூரம் சொந்தக் காலில் நின்றதென்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இரண்டு மிதவைப் படகுகள்

இதைப் படிக்கும் வாசகர்களில் சிலருக்கு, நியூபவுண்ட்லாந்துக்காரர்கள் இரக்கமற்றவர்கள் என்ற எண்ணம் எழக்கூடும். அவர்களுக்காக ஒரு செய்தி.

1986ஆம் வருஷம் ஆகஸ்டு 11ந் தேதி, அத்தீவின் தென்கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு மிதவைப் படகுகளில் 155 பேர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இலங்கையிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த தமிழர்கள். அவர்களை முதலில் கண்டு கரை சேர்த்தவர்கள் அந்தத் தீவின் சாதாரண மீனவர்கள். யார், எந்த நாடு, என்ன பாஷை என்று கேட்டுக்கொண்டிராமல், படகில் ஏற்றிக்கொண்டு, கையிலிருந்த ஆகாரத்தைக் கொடுத்தார்கள். பனியில் தம் பாட்டன்மார் மடிந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு, கடலில் அநாதையாய்க் கிடப்பது என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மீனவர்கள் வேட்டைக்குப் போனவர்களா என்பது இங்கே கேள்வியல்ல. ஒரு தடியும் ஒரு குட்டியும் உள்ள புகைப்படத்தை வைத்து ஒரு சமூகத்தையே அளந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அப்படியானால் சர்க்கார் செய்வது சரியா? சரியல்ல என்பதே என் எண்ணம். அந்த ஜனங்கள்மேல் மதிப்பு வைத்திருப்பதால்தான் அப்படி எண்ணுகிறேன். தொழிலைத் தாங்குவது வேறு, தொழிலாளியைத் தாங்குவது வேறு. விற்காத தோலை வாங்கக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தால், மீனவன் அடுத்த வருஷமும் அதே பனியில் அதே விலைக்காகக் காத்திருப்பான். அன்று வியாபாரியின் கடனில் கட்டுண்டவன், இன்று சர்க்காரின் தயவில் கட்டுண்டிருக்கிறான். கயிறு மாறியதே தவிரக் கட்டு அவிழவில்லை. அதே பணத்தைப் படகுக் கடனுக்கும், புதுத் தொழில் கற்பதற்கும், கரையோரப் பள்ளிக்கூடங்களுக்கும் நேராகக் கொடுத்திருந்தால், தோல் விற்றாலும் விற்காவிட்டாலும் அவன் வீட்டு அடுப்பு எரிந்திருக்கும். இனுயிட் மக்களுக்கோ, அவர்கள் தோலுக்குத் தனி அடையாளமும் தனிச் சந்தையும் தேடிக் கொடுப்பது நியாயமான உதவி. அதற்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் தகும்.

2024 ஜூனில், முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பின், வடபகுதிக் காட் மீன்மேல் இருந்த தடையை நீக்கி, 18,000 டன் பிடிக்க அநுமதி கொடுத்தார்கள். போன மீன் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பி வருகிறது. கடல்நாய்கள் லக்ஷக் கணக்கில் இருக்கும்போதே வருகிறது. இந்தத் தடவையாவது வலையை அளவறிந்து வீசுவார்களா என்பதுதான் கேள்வி. அதில் தவறினால், பழி சுமக்கப் பனிமேல் ஒரு வாயில்லாப் பிராணி காத்திருக்கவே செய்கிறது.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நீ கேட்டாயே, ஸீலை எதன்மேல் ஒட்டுவார்கள் என்று? சர்க்கார்கள் தாங்கள் செய்த தவற்றை உறையில் போட்டு மூடி, அதன்மேல் ஒட்டுவார்கள்" என்றேன். அவனுக்கு அப்போது விளங்கவில்லை. வளர்ந்து, வரி கட்டும் வயது வந்தால் விளங்கும்.